உதவிப் புரதங்களை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், செல் எப்படிப் புரதம் தயாரிக்கிறது என்ற கட்டுரையைப் படித்தேன். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் இயந்திரமான ரிபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் நம் சிதம்பரத்தில் பிறந்தவர் என்று சொன்னது நல்ல விஷயம். ஆனால் ரிபோசோம் ஒண்டியாகவே எல்லாவற்றையும் செய்துவிடுவது போல எழுதிவிட்டீர்கள். தொடங்கி வைக்க, நகர்த்த, முடித்து வைக்க என ஒவ்வொரு கட்டத்திலும் உதவிப் புரதங்கள் வேண்டும். அவற்றில் சிலவற்றின் மேல் செல் ஒரு சிறு வேதி மாற்றம் செய்து வைத்திருக்கிறது.

இதெல்லாம் பாடப்புத்தக சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். எங்கள் குமரி மாவட்டப் பள்ளிகளில் டிடி ஊசி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான் எனும் டிப்தீரியா, இரண்டுக்குமான தடுப்பூசி) போட வரும்போது, "பத்து வயசுப் பிள்ளைக்கு எதுக்கு இனியும் ஊசி?" என்று தாய்மார்கள் கேட்பார்கள். அதற்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. ரிபோசோமை ஒவ்வொரு படியாக நகர்த்தும் இஇஎஃப்2 என்ற புரதத்தில் ஹிஸ்டிடின் என்ற ஓர் அமினோ அமிலம், 'டிப்தமைடு' என்ற விசித்திரமான வடிவத்துக்கு மாற்றப்பட்டிருக்கும். தொண்டை அடைப்பான் கிருமியின் நச்சு சரியாக அந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. அதன் மேல் வேறொரு மூலக்கூறை ஒட்டி வைத்துவிடும்; நகர்வு நின்றுபோகும், புரதம் உருவாகாது, செல் சாகும். நச்சு ஒரு நொதி என்பதால் ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகும். ஒரே ஒரு நச்சு மூலக்கூறு உள்ளே போனாலே செல்லைக் கொல்லப் போதும் என்று 1978இலேயே காட்டிவிட்டார்கள். கிருமியின் சொந்தப் புரதத்தில் டிப்தமைடு கிடையாது, அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது! செயலிழக்கச் செய்த இதே நச்சுதான் தடுப்பூசியில் இருக்கிறது. அதன் பாதுகாப்பு நாளடைவில் குறைவதால்தான் 10 வயதிலும் 16 வயதிலும் மறுபடி போடுகிறார்கள்.

இன்னொன்று, இஐஎஃப்5ஏ. புரோலின் என்ற அமினோ அமிலம் வரிசையாக வரும் இடங்களில் ரிபோசோம் திணறும். அப்போது கைகொடுப்பது இதுதான். இதிலுள்ள லைசின் என்ற ஓர் அமினோ அமிலத்தை, செல்லில் இருக்கும் ஸ்பெர்மிடின் என்ற சிறு மூலக்கூறிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஒட்டி, 'ஹைபுசின்' ஆக மாற்றுகின்றன இரண்டு நொதிகள். அந்த நொதிகளின் மரபணுக்களில் கோளாறு இருந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படுகிறது. (இதைச் சாக்கிட்டு ஸ்பெர்மிடின் மாத்திரை விற்பவர்களை நான் நம்புவதில்லை, அது வேறு கதை.)

அடுத்த இணைப்பில் இதற்கு அரைப் பக்கமாவது ஒதுக்குங்கள். டிப்தமைடு இருக்கும் இடத்தைக் காட்டும் படமும் இருந்தால், பிளஸ் டூ பிள்ளைகள் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்வார்கள்.

- ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.