பெரியம்மாவுக்கு, அந்த ஆற்றுப் பாட்டைப் பற்றி

அன்புள்ள பெரியம்மா,

போன மாதம் கொட்டாஞ்சேனை வீட்டில் நீங்கள் திருவலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது என் தொலைபேசியில் ஒரு பாட்டு ஓடியது. உங்கள் கை நின்றது. அந்தக் காலத்தில் இலங்கை வானொலி ஆங்கிலச் சேவையில் போட்ட பாட்டா என்று கேட்டீர்கள். 2015 இல் வந்தது என்றேன், நீங்கள் நம்பவில்லை. பிறகு பாடுகிறவர் வேதாகமத்தில் வரும் யோர்தான் ஆற்றின் பெயரைச் சொன்னது உங்கள் காதில் விழுந்தது. கோயிலில் பாடாத பாட்டில் யோர்தானுக்கு என்ன வேலை என்றீர்கள். அன்று வாய்க்குள்ளே ஏதோ முணுமுணுத்துவிட்டு எழுந்துபோனேன். இதே கேள்வியை வேறு பெரியவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியே பதில் எழுதுகிறேன். கடைசியில் வருவது மட்டும் உங்களுக்கு.

பாடியவர் பெயர் லியோன் பிரிட்ஜஸ். 1989 இல் பிறந்தவர், டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் வளர்ந்தவர். பாட்டு வெளியே தெரியவரும் முன் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார். முதல் இசைத்தட்டைத் தன் ஊரிலேயே, பழைய ஒலிப்பதிவுக் கருவிகளைத் தேடிப் பிடித்து வைத்திருந்த நண்பர்களோடு பதிவு செய்தார். நீங்கள் ஏமாந்ததற்கு அதுதான் காரணம். 1960களின் தொடக்கத்தில் கேட்ட அந்த வெதுவெதுப்பான ஒலியை அவர்கள் வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். 'ஆறு' என்று மட்டுமே பெயர் கொண்ட இந்தப் பாட்டில் மேளம் கிடையாது. ஒரு கிற்றார், பின்னால் சேர்ந்து பாடும் குரல்கள், கையில் தட்டும் ஒரு தம்புரு. அவ்வளவுதான்.

அந்தத் தம்புருவைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மோசேயின் சகோதரி மிரியாம் நினைவு வருகிறது. செங்கடலைக் கடந்த கரையில் அவள் தம்புரு எடுத்தாள், பெண்கள் எல்லோரும் பின்னால் போனார்கள் என்று ஓய்வுநாள் பாடசாலையில் நீங்கள் சொன்னபோது, தம்புரு என்றால் என்ன என்று கேட்டேன். நீங்கள் ஒரு தகர மூடியை எடுத்து உள்ளங்கையில் தட்டிக் காட்டினீர்கள். இந்தப் பாட்டிலும் அந்த ஒலி ஒரு தண்ணீர்க் கரையில்தான் கேட்கிறது. ஆனால் மிரியாம் கடந்து முடித்தவள். இவர் இன்னும் இறங்காமல் நிற்கிறார்.

இனி உங்கள் கேள்வி. இந்த வகைப் பாட்டைச் சோல் என்கிறார்கள். அது கோயிலுக்குள்ளிருந்து வெளியே போன இசை, பெரியம்மா. சாம் குக் என்ற பாடகர் முதலில் ஒரு சுவிசேஷப் பாடல் குழுவில் பாடியவர். 1957 இல் காதல் பாட்டுப் பாடப் போனபோது கோயில் ஜனங்கள் மனம் நொந்தார்கள். அரேதா பிராங்க்ளின் என்ற பாடகி ஒரு போதகரின் மகள். புகழின் உச்சியில் இருந்த 1972 இல் லொஸ் ஏஞ்சலஸில் ஓர் ஆலயத்துக்குள் போய்ச் சுவிசேஷப் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தார். போனவர்களும் திரும்பியவர்களும் அந்த வழியில் நிறையப் பேர். பிரிட்ஜஸ் தன் முதல் தொகுப்புக்கு வைத்த பெயரே வீடு திரும்புதல் என்று பொருள்படும். நம் ஆலயத்தில் நீங்கள் கண்ணை மூடிப் பாடும் கீர்த்தனைகளை எழுதிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார், அரசவையிலும் வீதியிலும் ஆடப்பட்ட குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார். குறத்தி வந்து குறி சொல்லும் மெட்டில் இயேசுவின் கதை கேட்ட முதல் நாளில் யாரோ ஒரு பெரியவர் முகம் சுளித்திருப்பார் என்றே நினைக்கிறேன்.

ஆனால் மெட்டு எங்கிருந்து வந்தது என்பதற்காக நான் இதைக் கேட்கவில்லை. சொற்களுக்காகக் கேட்கிறேன். அகலமான பாதைகளில் வெகு காலம் நடந்துவிட்டேன் என்று தொடங்குகிறார். கேட்டுக்கு, அதாவது அழிவுக்கு, போகிற வழி விசாலமானது என்று மத்தேயு ஏழாம் அதிகாரத்தில் படிக்கிறோமே, அந்தப் பாதைதான். கிட்டே வர ஆசை, ஆனால் கையில் இரத்தம், உதடுகள் சுத்தமில்லை என்கிறார். இரண்டும் ஏசாயாவில் இருக்கின்றன. கைகள் இரத்தத்தால் நிறைந்திருக்கின்றன என்பது முதலாம் அதிகாரம். உங்களைக் கழுவுங்கள் என்று அடுத்த வசனமே சொல்கிறது. "அசுத்த உதடுகளுள்ள மனுஷன்" என்பது ஆறாம் அதிகாரம். நீங்கள் என்னை மனப்பாடம் செய்யவைத்த பகுதி. முப்பது வருடமாக அது எனக்கு ஒப்புவிக்கும் பாடமாக மட்டுமே இருந்தது. வெள்ளவத்தையில், ஒரு மழை இரவில், வேலை முடிந்து 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து இந்தப் பாட்டைக் கேட்டபோதுதான் அந்த மனுஷன் யார் என்று புரிந்தது.

பாட்டில் ஓர் அம்மாவும் வருகிறார். இருட்டில் நிற்கிறவனுக்கு அம்மாவின் பேச்சுத் திரும்பக் கேட்கிறது: கர்த்தரிடம் உன்னைக் கொடுத்துவிடு, அவர் எல்லாவற்றையும் துடைத்துவிடுவார். இந்த இடத்தில் எனக்குக் கேட்டது உங்கள் குரல். அம்மா போன பிறகு எனக்கு அதைச் சொன்னவர் நீங்கள்தான்.

பிறகு, என்னை உன் ஆற்றுக்குக் கொண்டுபோ என்று கெஞ்சுகிறார். நானே வருகிறேன் என்று அவர் சொல்லவில்லை. குளித்துவிட்டு வருகிறேன் என்றும் சொல்லவில்லை. குற்றங்களோடு உள்ளே இறங்குகிறார். மூச்சுக்காக மேலே வரும்போது பாவங்கள் யோர்தானோடு ஓடிப்போகின்றன. எனக்குத் தண்ணீர் தெளித்தபோது நான் கைக்குழந்தை, ஒன்றும் நினைவில்லை. தலை முழுவதும் நீருக்குள் போய், மூச்சு முட்டி, வெளியே வருவது எப்படி இருக்கும் என்று இந்தப் பாட்டில்தான் முதன்முறை உணர்ந்தேன். அதற்காக நம் ஆலயத்து ஞானஸ்நானத்தை நான் குறைத்துப் பேசவில்லை. அன்று எனக்குக் கொடுத்ததை இன்றுதான் கையில் வாங்கினேன்.

யோர்தான் பெரிய ஆறும் இல்லை, பெரியம்மா. ஞானஸ்நானம் கொடுக்கும் இடத்தில் அது ஒடுங்கிய, கலங்கிய ஆறு. மழைக்குப் பிறகு முகத்துவாரத்துப் பக்கம் களனி கங்கை என்ன நிறத்தில் ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் யோர்தான் ஒரு வாய்க்கால். குஷ்டரோகம் நீங்க அதில் முழுகச் சொன்னபோது சீரியப் படைத்தலைவன் நாகமான் கோபப்பட்டதும் அதற்காகத்தான். எங்கள் தமஸ்குவில் இதைவிட நல்ல ஆறுகள் இல்லையா என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனான். தீர்க்கதரிசி எலிசா வெளியே வந்து பார்க்கவும் இல்லை, ஆள் அனுப்பி ஏழுதரம் முழுகச் சொன்னார், அவ்வளவுதான். பெரிய காரியம் ஒன்றைச் சொல்லியிருந்தால் செய்திருப்பீரே என்று வேலைக்காரர்கள் எடுத்துச் சொன்ன பிறகே இறங்கினான். இந்தக் கதையில் எனக்கு எப்போதும் நாகமானைவிட அந்த வேலைக்காரர்கள்மேல்தான் பிரியம். ஆலயத்தை விட்டு விலகியிருந்த ஆறு வருடங்களில் நானும் பெரிய காரியத்துக்காகவே காத்திருந்தேன். ஒரு தரிசனம், ஒரு அற்புதம், எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பிப் போடுகிற ஒன்று. கேட்கப்பட்டதோ சின்னக் காரியம். எனக்கு அது என்னவென்று தெரிந்தே இருந்தது.

இப்போது உங்களுக்கு மட்டும்.

அந்தப் பாட்டில் உதடுகள் என்ற சொல் வரும்போது நான் நிறுத்திவிடுவேன். அப்பாவின் காணியை விற்ற வருடம், காலி வீதி வீட்டு வாசலில் வைத்துத் தம்பியிடம், இனி நீ எனக்குத் தம்பி இல்லை என்று சொன்னேன். கூடவே அப்பாவைப் பற்றியும் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. அவன் ஒரு வார்த்தையும் திருப்பிச் சொல்லவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். ஒரு செருப்பின் வார் அறுந்திருந்தது. அதை இழுத்து இழுத்து நடந்து பஸ் நிறுத்தம் வரை போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை. அதன் பிறகு அவன் மட்டக்களப்புக்குப் போய்விட்டான், தொலைபேசி இலக்கத்தையும் மாற்றிவிட்டான்.

உங்களிடம் அவனுடைய புது இலக்கம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவேண்டும் என்றுதான் நீங்களும் கொடுக்காமல் வைத்திருக்கிறீர்கள்.

வருகிற ஞாயிறு மாதத்தின் முதல் ஞாயிறு, திருவிருந்து. காணிக்கையைப் பலிபீடத்தருகே வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்று எழுதியிருப்பதால், ஞாயிறுவரை வைத்திருக்க மனமில்லை. சனிக்கிழமை மாலையே வருகிறேன். புறக்கோட்டையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்தால் ஆறு மணிக்குள் வந்துவிடுவேன். இலக்கத்தை ஒரு தாளில் எழுதி வையுங்கள். நான் பேசும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள், பெரியம்மா.

அன்புடன்,
உங்கள் மகன்