டீஜே போட்டி நடத்துகிறவர்களுக்கு: ‘டேர்ன்டேபிள் மட்டும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இசை நிகழ்ச்சிகளும் டீஜே போட்டிகளும் நடத்தும் ஏற்பாட்டுக் குழுவினருக்கும், அவற்றுக்கு நடுவராகப் போகும் அண்ணன்மார், அக்காமாருக்கும் வணக்கம்.

கொஞ்ச நாளாக நம் பக்கத்துப் போட்டி அறிவித்தல்களில் ஒரு வரி வருகிறது. ‘டேர்ன்டேபிள் மட்டும், கொன்ட்ரோலருக்கு அனுமதி இல்லை.’ டேர்ன்டேபிள் என்றால் இசைத்தட்டைச் சுற்றுகிற கருவி, கொன்ட்ரோலர் என்றால் லப்டொப்பில் இருக்கிற பாட்டை இயக்குகிற பட்டன் பலகை. இந்தக் கலையின் மீதுள்ள அக்கறையில்தான் அதை எழுதுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வரி யாரை வெளியில் நிறுத்துகிறது என்று பாருங்கள். வாழைச்சேனைப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி, தோள் பையில் சின்னக் கொன்ட்ரோலரையும் லப்டொப்பையும் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்தவள், பெயர் பதிகிற மேசையிலேயே திருப்பி அனுப்பப்பட்டாள். அவள் போடுவதை ஒரு நிமிடம்கூட யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. அது மனதில் கிடந்து உறுத்துகிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் டேர்ன்டேபிள்காரன். என் வீட்டில் இரண்டு டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இருக்கின்றன, அவற்றைத் துடைத்து வைப்பதே எனக்குச் சந்தோஷம். 1972இல் வந்த மாடல் அது, மோட்டரே நேராகத் தட்டைச் சுற்றுகிறது, நடுவில் பெல்ட் கிடையாது. 1979இல் வந்த அதன் எம்கே2 பதிப்பு நின்ற நிலையிலிருந்து முழு வேகத்தைப் பிடிக்க 0.7 வினாடிதான் எடுக்கும். விரலால் தட்டைப் பிடித்து நிறுத்திவிட்டு விட்டால் அடுத்த அடியிலேயே பாட்டு வந்து சேர்ந்துவிடும். அந்த உணர்வு வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. ஆனால் 1972இல் வந்த அந்த முதல் மாடலை மேடைக்கென்று யாரும் செய்யவில்லை, வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறவர்களுக்காகத்தான் செய்தார்கள். 1973இல் நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் கூல் ஹெர்க் ஒரே பாட்டின் இரண்டு தட்டுகளை வைத்து, ஆட்டத்துக்கு ஏற்ற அந்தத் தாளத் துண்டை மட்டும் மாறி மாறி நீட்டிக் காட்டினார். பிறகு கிராண்ட் விஸர்ட் தியோடர் என்ற பொடியன் தட்டை முன்னும் பின்னும் தேய்த்து ஸ்க்ராட்ச் என்பதையே கண்டுபிடித்தார். கையில் கிடைத்ததை வைத்துத்தான் அவர்கள் செய்தார்கள். இன்றைக்கு வாழைச்சேனைப் பிள்ளைக்குக் கிடைப்பது கொன்ட்ரோலர்.

சரி, டேர்ன்டேபிள் மட்டும் என்றே வைத்துக்கொள்வோம். எந்தத் தட்டைப் போடச் சொல்கிறீர்கள்? நம் சனம் இன்று ஆடுகிற தமிழ்ப் பாட்டு பெரும்பாலும் இசைத்தட்டில் வருவதில்லை, கசெட் பரவியதோடு அந்தக் கதை கிட்டத்தட்ட முடிந்தது. அதனால் போட்டிக்கு வருகிறவர் கொண்டு வருவது டைம்கோட் தட்டு. அதில் பாட்டே இல்லை. விசில் மாதிரி ஒரே சத்தம்தான் பதிந்திருக்கிறது, செராட்டோ என்ற டீஜே மென்பொருளின் தட்டில் அது 1 கிலோஹேர்ட்ஸ். ஊசி அதைப் படித்து, தட்டு எவ்வளவு வேகத்தில் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதை லப்டொப்புக்குச் சொல்கிறது. பாட்டு வருவது லப்டொப்பிலிருந்து, அந்தத் தங்கச்சியின் லப்டொப்பில் இருக்கிற அதே கோப்பு. உலக அளவில் டேர்ன்டேபிள் போட்டியென்றால் முதலில் நினைவுக்கு வரும் டிஎம்சிகூட 2011இலேயே இந்த டிஜிட்டல் முறையை ஏற்றுக்கொண்டது. அறுகம்குடாவில் சீசனுக்கு வருகிற வெளிநாட்டு டீஜேக்கள் பெரும்பாலும் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவோடுதான் வருகிறார்கள். அவர்களிடம் யாராவது தட்டு எங்கே என்று கேட்கிறோமா?

உங்களில் பலர் சொல்கிற முக்கியமான காரணம் சிங்க் பட்டன். அதை அமத்தினால் இரண்டு பாட்டும் தானாகச் சேர்ந்துவிடும், அப்புறம் டீஜேக்கு என்ன வேலை என்கிறீர்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்முடைய பாட்டில்தான் அந்தப் பட்டன் தோற்றுப்போகிறது. மென்பொருள் வழக்கமாக ஒவ்வொரு பாட்டையும் நாலு நாலாக எண்ணிக் கோடு போட்டு வைக்கிறது. கணினியில் செய்த இன்றைய பாட்டுக்கு அது சரியாகப் பொருந்தும். ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வந்த தமிழ்ப் பாட்டுகளைப் பாருங்கள், ஸ்டுடியோவில் ஆட்கள் சேர்ந்து வாசித்தவை, சரணத்துக்குப் போகும்போது தாளம் ஒரு நூல் ஓடும், பல்லவிக்குத் திரும்பும்போது கொஞ்சம் இழுக்கும், அதுதான் அந்தப் பாட்டுகளின் உயிரே. அதில் சிங்கை அமத்தினால் முதல் எட்டு அடிக்கு அழகாகப் போகும், பிறகு இரண்டு பறையும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு விழும். காதால் கேட்டு விரலால் தட்டி இழுத்துப் பிடிக்காமல் வேறு வழி கிடையாது.

பைலா இன்னும் மோசம். டச்பார்ப் பக்கத்துப் பறங்கியர் கல்யாண வீட்டில் ஓடுகிற பைலா, கப்ரிஞ்ஞா என்ற ஆட்டப் பாட்டுகள் ஆறு-எட்டுத் தாளம், ஆறு ஆறாக எண்ணுவது. அதற்கு மென்பொருள் சொல்கிற வேகத்தை நம்பிக் குத்துப் பாட்டோடு இணைத்தால் ஆடுகிறவர் காலே பின்னிக்கொள்ளும். காரைதீவுத் தம்பி ஒருவர் இதைச் சின்னக் கொன்ட்ரோலரில் செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பைலாவின் கடைசித் துண்டைத் திரும்பத் திரும்ப ஓடும்படி லூப்பில் பிடித்து வைத்தார். பேஸை, அதாவது கனத்த கீழ்ச் சத்தத்தை, மெல்ல வெட்டினார், கைதட்டல் மட்டும் கேட்கிற மாதிரி. மறுபக்கத்தில் குத்துப் பாட்டின் பறையை ஹெட்ஃபோனில் ஒரு காதில் வைத்து, ஆறின் முதல் அடியும் நாலின் முதல் அடியும் சந்திக்கிற இடத்துக்காகத் தலையை ஆட்டிக்கொண்டே காத்திருந்தார். சந்தித்த இடத்தில், ஒரு பாட்டிலிருந்து மற்றதுக்கு மாற்றுகிற ஃபேடரைத் தள்ளினார். ஆடிக்கொண்டிருந்த ஒருவர்கூட நிற்கவில்லை. திரையில் சிங்க் விளக்கு அணைந்தே இருந்தது. கூத்துக் களரியில் அண்ணாவியாரின் மத்தளம் எங்கே வாங்கியது என்று எவரும் விசாரிப்பதில்லை, அடி பிசகினால்தான் சனம் முணுமுணுக்கும். இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

காசு விடயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீங்களும் அனுபவித்ததுதான். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தாண்டியது, இறக்குமதிப் பொருட்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு பழைய விலைக்கு இறங்கவில்லை. இரண்டு டேர்ன்டேபிள், ஒரு மிக்ஸர், ஊசி, தட்டு என்று சேர்த்தால் கல்முனையில் ஒரு பொடியன் வேலைக்குப் போய்ச் சேர்த்து வாங்கி முடிக்கும்போது அவனுக்குப் போட்டிக்குப் போகிற வயதே தாண்டிவிடும். ஊசியும் தேய்கிற பொருள், வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு டேர்ன்டேபிள் மாடலைப் பொறுத்து 10 கிலோ அளவிலும் அதற்கு மேலும் வரும், இரண்டையும் மிக்ஸரையும் ஓட்டோ பிடிக்காமல் கொண்டுவர முடியாது. பயனியர் டிடிஜே-எஃப்எல்எக்ஸ்4 போன்ற கொன்ட்ரோலர் 2 கிலோவுக்குச் சற்று மேல்.

அப்புறம் நம் மேடைகள். நாம் போட்டி நடத்துகிற இடங்கள் கல்லடிக் கடற்கரை, பாசிக்குடா, கோயில் வீதி, பாடசாலை மைதானம். பலகை மேடை, பக்கத்திலேயே பெரிய பேஸ் பெட்டிகள். அந்த அதிர்வு பலகையில் ஏறி, மேசைக்கு வந்து, ஊசியில் முடிகிறது. உண்மையான பாட்டுத் தட்டு என்றால் ஊசி அந்த அதிர்வையும் பாட்டென்று எடுத்துத் திரும்ப ஸ்பீக்கருக்கே அனுப்ப, ‘ஊ…’ என்று ஒரு ஊளை வளர்ந்துகொண்டே போகும். டைம்கோட் தட்டு என்றால் ஊசி துள்ளும்போது பாட்டு பாயும் அல்லது தடுமாறும். கடற்கரையில் இதோடு உப்புக் காற்றும் மணலும் சேர்கிறது. கனமான சீமெந்துக் கல்லை ஸ்பொஞ்சின் மேல் வைத்து அதன் மேல் டேர்ன்டேபிளை வைத்தால் பெருமளவு சரியாகும், ஆனால் அப்படி ஒரு கல்லை நம் பக்கத்தில் எந்த ஏற்பாட்டாளரும் வைத்து நான் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் நின்றால் டேர்ன்டேபிளும் மிக்ஸரும் சேர்ந்து நிற்கும். யுஎஸ்பியில் ஓடுகிற கொன்ட்ரோலருக்கு லப்டொப் பற்றரி போதும், கரண்ட் வந்து ஸ்பீக்கர் பேசத் தொடங்கும்போது பாட்டு விட்ட தாளத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும்.

கொன்ட்ரோலரில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சின்னதுகளில் தட்டு மாதிரிக் கையால் சுற்றுகிற ஜொக் வீலில் மோட்டர் கிடையாது, கைக்குக் கீழே எதுவும் சுற்றாது, ஸ்க்ராட்ச் செய்கிறவருக்கு அது பெரிய இழப்பு. 2022இல் வந்த டிடிஜே-ரெவ்7 மாதிரி மோட்டர் வைத்தவை உண்டு, ஆனால் விலை டேர்ன்டேபிளோடு போட்டி போடும். பல சின்னக் கொன்ட்ரோலர்களில் வீட்டு ஒலிக் கருவிகளில் இருக்கிற ஆர்சிஏ வெளியீடு மட்டும்தான், அந்த வயரை மேடையிலிருந்து சவுண்ட்காரரின் மிக்ஸர் வரை நீளமாக இழுத்தால் இரைச்சல் ஏறும். டீஜே தான் போடுவதைக் கேட்கிற மொனிட்டர் ஸ்பீக்கருக்குத் தனி வெளியீடும் பலவற்றில் இருக்காது. லப்டொப் மெதுவானது என்றால் இன்னொரு சிக்கல்: சத்தம் வெட்டாமலிருக்க, கணினி ஒலியைச் சேர்த்து வைத்து அனுப்புகிற பஃபரைக் கூட்டி 512 சாம்பிள் வைத்தால், அதிலேயே கிட்டத்தட்ட 12 மில்லிசெக்கன் போய்விடுகிறது, விரைவாக ஸ்க்ராட்ச் செய்கிற கைக்கு அது தெரியும்.

இவற்றில் பாதியை நீங்களே சரிசெய்யலாம், பெரிய செலவும் இல்லை. மேசைக்குப் பக்கத்தில் நீண்ட வயரில் இரைச்சல் ஏறாமல் ஒலியை மாற்றித் தருகிற ஒரு டீஐ பெட்டி வைத்து அங்கிருந்து நல்ல கேபிளை இழுக்கச் சொல்லுங்கள். சவுண்ட்காரரின் மிக்ஸரிலிருந்து ஒரு மொனிட்டர் ஸ்பீக்கரை டீஜே பக்கம் திருப்பிவிடுங்கள். ஆடாத மேசை ஒன்று போடுங்கள், பேஸ் பெட்டிகளை மேடைப் பலகையில் ஏற்றாமல் நிலத்தில் வையுங்கள். யார் எதைக் கொண்டு வந்தாலும் இது உதவும்.

உதவிப் பட்டன்கள்தான் கவலை என்றால் அதையே விதியாக எழுதுங்கள். சிங்க் வேண்டாம், மாற்றத்தைத் தானே செய்துவிடுகிற ஸ்மார்ட் ஃபேடர் வேண்டாம், முன்கூட்டியே செய்த மிக்ஸைப் போடக்கூடாது. நடுவர் ஒருவர் பின்னால் நின்று திரையைப் பார்த்தால் இது எல்லாம் தெரியும். டேர்ன்டேபிள் வைத்திருக்கிறவர் டைம்கோட்டில் ஓடினால் அவருக்கும் அதே விதி, ஏனென்றால் அவருடைய லப்டொப்பிலும் அந்த சிங்க் இருக்கிறது.

ஸ்க்ராட்ச் கலை நம் பக்கத்தில் அழிந்துவிடும் என்ற உங்கள் பயம் எனக்கும் உண்டு. அதற்கு ஸ்க்ராட்சுக்கென்று ஒரு தனிச் சுற்று வையுங்கள், மேடையில் ஒரு சோடி டேர்ன்டேபிளை நீங்களே போடுங்கள், சொந்தமாக இல்லாத பிள்ளைகளும் வந்து தொட்டுப் பழகட்டும், காலையில் ஒரு மணித்தியாலம் பயிற்சிக்கு விடுங்கள். வீட்டில் வாங்க முடியாத பொருளைக் கட்டாயமாக்கினால் ஒரு பிள்ளையும் அதைக் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

உங்களிடம் டேர்ன்டேபிள் இல்லையென்றால் என்னுடைய இரண்டையும் நான் கொண்டு வருகிறேன். கல்லும் ஸ்பொஞ்சும்கூட என்னிடம் இருக்கிறது, வாடகை வேண்டாம். அந்த வரியை எடுத்துவிட்டு அறிவித்தலைத் திரும்பப் போடுங்கள், திருப்பி அனுப்பிய பிள்ளைகளுக்கு நீங்களே ஒரு கோல் எடுத்து வரச் சொல்லுங்கள். திகதியை மட்டும் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வான் ஒழுங்கு செய்ய வேண்டும்.