எங்கள் ஸ்டீல்பான் வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களுக்கும் உறவுகளுக்கும்,

லண்டனில் ஆண்டுதோறும் நடக்கும் கரீபியத் தெருவிழாவான நாட்டிங் ஹில் கார்னிவல் நல்லபடியாக முடிந்தது. வாத்தியங்களைத் துடைத்து, உறை போட்டு, அடுக்கி வைத்தாயிற்று. மேற்கு லண்டனில் எங்கள் பகுதியின் ஆப்பிரிக்க, கரீபிய வம்சாவளிப் பிள்ளைகளுக்காக நடக்கும் ஸ்டீல்பான் (எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து செய்யும் இரும்பு வாத்தியம்) வகுப்பின் பெற்றோர் குழு சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் ஒரு நன்றிக் கடிதம் ஏற்கெனவே எல்லோருக்கும் போய்விட்டது. இந்த ஆண்டு உதவிக்கு வந்தவர்களில் தமிழ்க் குடும்பங்கள் பல இருந்ததால், அவர்களுக்குத் தமிழிலேயே நன்றி சொல்வதுதான் முறை என்று பட்டது. என் கணவரின் பெற்றோர் கரீபியத் தீவான டிரினிடாடிலிருந்து வந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் இருவரும் இந்த வகுப்பில்தான் பயில்கிறார்கள். அதனால் கடமைக்காக எழுதும் மடலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முதல் நன்றி எங்கள் மூத்த ஆசிரியருக்கு. தன் பெயரைப் போடக் கூடாது என்பது அவர் கட்டளை. அவர் வகுப்பில் இசைக்குறிப்புத் தாள் கிடையாது. நாதஸ்வர வித்வான் சீடனுக்குச் சொல்லித் தருவதுபோல, ஒரு வரியை வாயால் பாடிக் காட்டுவார்; பிள்ளைகள் அதைக் கேட்டு வாசிக்க வேண்டும். பிசகினால் மறுபடி பாடுவார். நான்காம் முறையும் குரலில் கடுப்பு இருக்காது. ஸ்டீல்பானில் ஒரு சுரத்தை நீட்டி ஒலிக்க வைக்க வேண்டுமென்றால், ரப்பர் முனை வைத்த இரண்டு குச்சிகளாலும் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இதை ரோல் என்பார்கள். சின்னப் பிள்ளைகள் முழங்கையிலிருந்து அடிப்பார்கள். கை ஓய்ந்துவிடும், நாதமும் தகரச் சத்தமாகக் கேட்கும். அவர் ஒரு சிறுமியின் மணிக்கட்டைத் தன் இரு விரல்களால் பிடித்து, "இங்கிருந்து மட்டும்" என்று சொல்லிக் காத்திருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாரம் அந்தச் சிறுமியின் ரோல் ஒரே இழையாக நீண்டது. அவர் தலையை மட்டும் அசைத்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். அந்தத் தலையசைப்புக்காகப் பிள்ளைகள் வாரம் முழுதும் பயிற்சி செய்கிறார்கள்.

சுருதி சேர்க்கும் பெரியவருக்கும் பெரிய கும்பிடு. இந்த வாத்தியம் எண்ணெய்ப் பீப்பாயிலிருந்து பிறந்தது என்பது பலருக்குத் தெரியும். பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் குழியாக்கி, ஒவ்வொரு சுரத்துக்கும் இடம் வகுத்து, தீயில் வாட்டி, பிறகு ஒவ்வொன்றாகச் சுருதி கூட்டுகிறார்கள். பலமாக அடித்தால் சுருதி கலைந்துவிடும். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் கையில் அது கலையாமல் இருக்காது. ஒவ்வொரு ஆண்டும் அவர் வந்து ஒரு நாள் முழுதும் உட்கார்ந்து, சிறு சுத்தியலால் தட்டி, காது கொடுத்துக் கேட்டு, மறுபடி தட்டிச் சரிசெய்கிறார். கர்நாடக இசை பயின்ற தமிழ்ப் பெற்றோர் ஒருவருக்கு அவர் டெனர் பானின் (மெட்டு வாசிக்கும் உச்ச சுரப் பான்) அமைப்பை விளக்கினார். அதில் சுரங்கள் ஹார்மோனியம்போல வரிசையாக இல்லை, வட்டமாக இருக்கின்றன. எந்தச் சுரத்தை ஷட்ஜமாகக் கொண்டாலும் ஒரு பக்கத்தில் அதன் பஞ்சமம், மறுபக்கத்தில் அதன் மத்திமம். கேட்டவர் வியந்துபோய் அன்றே தன் மகளையும் வகுப்பில் சேர்த்துவிட்டார். ஆப்பிரிக்க வம்சாவளிப் பிள்ளைகளுக்கான வகுப்புதான் என்றாலும், வந்த பிள்ளையை ஆசிரியர் திருப்பி அனுப்புவதில்லை.

இங்கே கொஞ்சம் வரலாறு சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்கு இவ்வளவு உருகுகிறேன் என்பது விளங்காது. டிரினிடாடில் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்ட மக்களின் கான்பூலே என்ற கார்னிவல் தீப்பந்த ஊர்வலத்தை 1881இல் ஆங்கிலேயக் காவல்துறை தடுக்கப்போய்க் கலவரம் மூண்டது. அந்தப் பத்தாண்டிலேயே பறைகளுக்கும் தடை வந்தது. மக்கள் மூங்கிலைத் தட்டினார்கள். பிறகு பிஸ்கட் தகரத்தை, பிறகு எண்ணெய்ப் பீப்பாயைத் தட்டினார்கள். ஸ்டீல்பான் பிறந்தது அப்படித்தான். 1951இல் டாஸ்போ என்ற டிரினிடாட் ஸ்டீல்பான் குழு லண்டன் வந்து தேம்ஸ் கரையில் வாசித்தது. அதில் வந்த ஸ்டெர்லிங் பெட்டன்கோர்ட் இங்கேயே தங்கிவிட்டார். 1958இல் நாட்டிங் ஹில்லில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்ட பிறகு, 1959 ஜனவரியில் டிரினிடாடில் பிறந்த பத்திரிகையாளரும் போராளியுமான கிளாடியா ஜோன்ஸ் லண்டனின் செயின்ட் பாங்க்ராஸ் நகர மண்டபத்தில் கரீபியக் கார்னிவலை நடத்தினார். ஒரு மக்களின் விடுதலை அவர்களுடைய கலையில் தொடங்குகிறது என்ற கருத்தை அதன் விழா மலர் முன்வைத்தது. மலர் விற்ற பணத்தில் ஒரு பகுதி, அந்தக் கலவரத்தில் அபராதம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்காக ஒதுக்கப்பட்டது. கறுப்பினத்தவர், வெள்ளையர் என்ற பாகுபாடு அதில் இல்லை. எங்கள் பிள்ளைகள் கையில் பிடிக்கும் குச்சிக்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது.

அதனால்தான் ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். நிதி கேட்டுப் போன ஓர் இடத்தில், "இந்த வகுப்பால் எத்தனை பிள்ளைகள் கத்தி எடுக்காமல் இருப்பார்கள்?" என்று கேட்டார்கள். பக்கத்து வட்டாரத்துப் பிள்ளைகளின் வயலின் வகுப்பைப் பற்றி யாரும் இப்படிக் கேட்பதில்லை. எங்கள் பிள்ளைகள் இசை கற்பது இசைக்காக. இந்த மடலைப் படிக்கும் உங்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. "என்ன பாட்டு வாசிக்கப் போகிறார்கள்?" என்று கேட்டீர்கள், "தாழ்ந்த சுரம் தரும் பாஸ் பானுக்கு ஏன் இத்தனை பீப்பாய்?" என்று கேட்டீர்கள். இந்தப் பிள்ளைகளைக் கலைஞர்களாகப் பார்த்தீர்கள். பணத்தைவிடப் பெரிய உதவி அது.

பணமும் பெரிய உதவிதான், அதையும் மறைக்க வேண்டாம். மளிகைக் கடை அண்ணா தன் கடையின் பின்னறையைக் காலிசெய்து பாஸ் பான்களை ஆண்டு முழுதும் வைத்துக்கொள்கிறார். அரிசி மூட்டைகளை எங்கே வைக்கிறார் என்று இன்றுவரை தெரியவில்லை. தேவாலயத்தார் மண்டபத்தை வாடகையின்றித் தருகிறார்கள். அக்கம்பக்கத்தார் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறார்கள். ஒத்திகை நாட்களில் பாட்டிமார் பயறு சோறும் கோழிக்கறியும் கொண்டுவந்தார்கள். சுகந்தி அக்கா என்று பிள்ளைகள் அழைக்கும் நம்மவர் கொண்டுவந்த வடைச் சட்டி ஒரு நாளும் மீந்து திரும்பியதில்லை.

கார்னிவல் ஞாயிறு, அதாவது குழந்தைகள் நாளன்று, பான்களை ஏற்றிய, சக்கரம் வைத்த இரும்புச் சட்டகங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவர்களை எப்படி மறப்பேன்! வாசிப்பவர்கள் மேலே நிற்பார்கள், தள்ளுபவர்களை யாரும் படம் எடுப்பதில்லை. மாலைக்குள் உங்கள் உள்ளங்கைகள் கொப்பளித்திருந்தன. பிற்பகல் மூன்று மணிக்கு, 2017இல் மேற்கு லண்டனின் கிரென்ஃபெல் கோபுர அடுக்குமாடிக் குடியிருப்பில் மூண்ட தீயில் இறந்த 72 பேருக்காக 72 வினாடி மௌனம். அவ்வளவு நேரம் ஓயாமல் வாசித்த குட்டிகள் குச்சியை மார்போடு பிடித்து நின்றார்கள். அதை அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிப் பழக்கியவர்கள் எங்கள் பதின்வயது மாணவர்கள். இவர்களே போன ஆண்டுவரை கடைசி வரிசையில் நின்றவர்கள். இப்போது சனிக்கிழமை காலையில் சின்னவர்களுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். தம்பிகளே, தங்கைகளே, உங்களுக்கும் இந்த மடலில் முழுப் பங்கு உண்டு.

செப்டம்பர் இறுதியில் புதிய பருவம் தொடங்குகிறது. செல்லோ பான்கள் (டெனருக்கும் பாஸுக்கும் இடைப்பட்ட சுரம் தருபவை) இரண்டுக்குச் சுருதி சேர்க்க வேண்டும். குச்சி முனை ரப்பர் எப்போதும் தேவை. சட்டகத்தின் ஒரு சக்கரம் உடைந்துவிட்டது. வெல்டிங் தெரிந்தவர் யாராவது இருந்தால் மண்டபத்துக்கு வாருங்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

நன்றியுடனும் அன்புடனும்,
பெற்றோர் குழு சார்பில் ஒரு தாய்