கில்டா 2016இல் பிறந்தவள் அல்லள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையை விருப்பத்துடன் படித்தேன். டோனி மாரிசனுக்கும் ஆலிஸ் வாக்கருக்கும் பத்தி பத்தியாக இடம் கொடுத்த கட்டுரையாளர், ஜூவெல் கோமெஸ் அவர்களை மட்டும் கடைசிப் பத்தியில் ஒரே வாக்கியத்தில் கடந்துவிட்டார். காட்டேரிப் படங்கள் பெற்ற வெற்றியைப் பார்த்து, 2016இல் 'தி கில்டா ஸ்டோரீஸ்' என்ற திகில் நாவலை எழுதிய, 'ஓரினச்சேர்க்கைப் பழக்கம் உள்ள' எழுத்தாளர் என்பதே அந்த வாக்கியத்தின் சாரம். முப்பது ஆண்டுகள் நூலகராகப் பணியாற்றிய எனக்கு, பதிப்பாண்டில் நேரும் பிழை கண்ணில் விழுந்த துரும்பைப் போல உறுத்தும். ஆகவே இந்தக் கடிதம்.

2016 என்பது, சான் ஃபிரான்சிஸ்கோவின் சிட்டி லைட்ஸ் பதிப்பகம் அந்நாவலின் இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பைக் கொண்டுவந்த ஆண்டு. நாவல் முதன்முதலில் வெளிவந்தது 1991இல். வெளியிட்டது நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரிலிருந்து இயங்கிய ஃபயர்பிராண்ட் புக்ஸ். நான்சி பெரியானோ நடத்திய அந்தச் சிறு பதிப்பகம்தான் கவிஞர் ஆட்ரி லார்டின் கட்டுரைகளையும் அலிசன் பெக்டலின் சித்திரக் கதைத் தொகுப்புகளையும் அச்சிட்டது. பதின்வயதினருக்கான காட்டேரிப் புதினங்கள் உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்கத் தொடங்கியதற்குப் பத்தாண்டுக்கும் மேல் முந்தியது இந்நாவல் என்பதால், அலையைப் பின்தொடர்ந்தது என்ற குற்றச்சாட்டு காலக்கணக்கிலேயே நிற்காது. தன்பாலீர்ப்பாளர் இலக்கியத்துக்கென வழங்கப்படும் லாம்டா இலக்கிய விருதுகளில், 1992ஆம் ஆண்டு புனைகதை, அறிவியல் புனைகதை ஆகிய இரு பிரிவுகளிலும் பரிசு பெற்ற நூல் அது. ஒரே நூலை இரண்டு அலமாரிகளில் வைக்க வேண்டிய சிக்கல் நூலகர்களுக்குப் பழகியதுதான். ஆனால் திகில் என்ற ஒற்றை அலமாரியில் மட்டும் இந்நூலை வைப்பதற்கு நான் உடன்பட மாட்டேன்.

கோமெஸ் 1948 செப்டம்பரில் பாஸ்டன் நகரில் பிறந்தவர். தாய் செவிலியர், தந்தை மதுக்கூடத்தில் பணிபுரிந்தவர். அவரை வளர்த்து ஆளாக்கியவர் கொள்ளுப்பாட்டியான கிரேஸ். கறுப்பின மரபும் அயோவே என்னும் பூர்வகுடி மரபும் ஒருங்கே வாய்ந்த அந்த மூதாட்டியின் நினைவுகள், கொள்ளுப்பேத்தியின் கட்டுரைகளிலும் கவிதைகளிலும் மீண்டும் மீண்டும் வருகின்றன. மூன்று தலைமுறை தள்ளி நிற்கும் ஒருவரின் மடியில் வளரும் குழந்தைக்குப் பழங்காலம் என்பது பாடப்புத்தகத்தில் இருப்பதில்லை, அடுக்களையில் நடமாடிக்கொண்டிருக்கும். பின்னாளில் இருநூறு ஆண்டுகள் உயிர்வாழும் ஒரு பெண்ணைக் கோமெஸால் கற்பனை செய்ய முடிந்ததற்கு அந்த வீடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பாஸ்டனின் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, 1973இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதழியல் முதுகலை முடித்தார். அதற்கு முன்பே, பாஸ்டனின் பொதுத் தொலைக்காட்சி நிலையம் கறுப்பின மக்களுக்கென 1968இல் தொடங்கிய 'சே பிரதர்' என்ற வாராந்திர நிகழ்ச்சியில் பணியாற்றியிருந்தார். நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த பின் கறுப்பின நாடகக் குழுக்களில் மேடை நிர்வாகியாக இருந்தார். முதலில் கவிஞராகத்தான் அறியப்பட்டார். 1980லும் 1986லும் வந்த இரண்டு கவிதை நூல்களையும் தாமே அச்சிட்டு வெளியிட்டார். ஊடகங்கள் தன்பாலீர்ப்பாளர்களைச் சித்திரித்த விதத்தைக் கண்டித்து 1980களின் நடுவில் நியூயார்க்கில் உருவான 'கிளாட்' அமைப்பின் தொடக்க நிர்வாகக் குழுவிலும் அவர் இருந்தார் என்பதைத் தங்கள் கட்டுரையாளர் அறிந்திருந்தால், சொற்களைச் சற்று எண்ணிப் பயன்படுத்தியிருப்பார்.

கில்டா பிறந்த கதையை அவரே கூறியிருக்கிறார். நியூயார்க் தெருவொன்றில் பொதுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த அவரிடம் இரண்டு ஆண்கள் வந்து ஆபாசமாகப் பேசினர். காலங்காலமாக விழுங்கி வந்த சினமெல்லாம் அன்று திரண்டு வெளிப்பட்டது. அவர்கள் மீது கத்தித் தீர்த்தார். அந்தச் சினமே முதல் கதையாயிற்று. ஆனால் நாவலாக வளர்ந்தபோது அதில் பழிவாங்கல் மேலோங்கவில்லை என்பதுதான் வியப்பு.

நாவல் 1850இல் லூசியானாவில் தொடங்குகிறது. மிசிசிப்பியின் தோட்டமொன்றிலிருந்து தப்பியோடிய, பெயர்கூடச் சொல்லப்படாத ஓர் அடிமைச் சிறுமி, தன்னைக் கெடுக்க வந்த வெள்ளையனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டுப் பதுங்கியிருக்கிறாள். நியூ ஆர்லியன்ஸ் அருகே விடுதி நடத்தும் கில்டா என்ற பெண் அவளைக் கண்டெடுக்கிறாள். கில்டாவின் துணைவியான பேர்ட் என்னும் லக்கோட்டா பூர்வகுடிப் பெண் அவளுக்கு எழுத்தறிவிக்கிறாள். அடிமைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிப்பது தண்டனைக்குரிய குற்றமாக இருந்த மண்ணில் நிகழும் அந்தப் பாடங்களே, என் பார்வையில், நாவலின் மிக அழகிய பக்கங்கள். வாழ்ந்து சலித்த மூத்தவள் சாவைத் தேர்ந்து, தன் நெடுவாழ்வையும் பெயரையும் சிறுமிக்குக் கொடுத்துச் செல்கிறாள். பிறகு ஆண்டுகள் தாவுகின்றன: 1890இல் யெர்பா புவெனா (சான் ஃபிரான்சிஸ்கோவின் பழைய பெயர்), 1921இல் மிசௌரி, 1955இல் பாஸ்டனின் அழகு நிலையம், 1971இல் நியூயார்க் நாடக உலகம் எனச் சென்று, செல்வர்கள் நெடுவாழ்வுக்காகக் காட்டேரிகளை வேட்டையாடும் 2050இல் முடிகிறது. பாஸ்டனும் நாடக மேடையும் ஆசிரியரின் சொந்த வாழ்வின் இடங்கள் என்பதை வாசகர் கவனிக்கலாம். எல்லாப் பகுதிகளும் ஒரே தரத்தவை என்று சொல்ல மாட்டேன். எதிர்காலத்தில் நிகழும் இறுதிப் பகுதிகளில் நடை அவசரப்படுகிறது. 1955ஆம் ஆண்டுப் பகுதியோ தனியே அச்சிட்டாலும் நிற்கும்.

இந்நாவலின் காட்டேரிகள் இரத்தத்தைத் திருடுவதில்லை, பண்டமாற்று செய்கிறார்கள். உறங்குபவரிடமிருந்து சிறிதளவு குருதியை எடுத்துக்கொண்டு, அவர் மனத்தில் ஏங்கிக் கிடப்பது எது என்று அறிந்து, ஒரு கனவையோ துணிவையோ விட்டுச் செல்கிறார்கள். கொல்வது அவர்களிடையே இழிவு. பிறந்த மண்ணை ஆடையின் ஓரத்தில் வைத்துத் தைத்துக்கொண்டு ஊர் ஊராகச் செல்கிறார்கள். பிறருடைய உழைப்பையும் உடலையும் விலையின்றி உறிஞ்சிய ஓர் அமைப்பிலிருந்து தப்பிய பெண், எடுத்ததற்கு ஈடு கொடுக்காமல் வாழ மாட்டேன் என்று உறுதி பூணுவதைக் கோமெஸ் எங்கும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. இரவுதோறும் அவள் இரை தேடும் முறையிலேயே அது அடங்கியிருக்கிறது. அன்றைய பெண்ணியர் சிலருக்குக் காட்டேரி என்றதும் வன்முறையே நினைவுக்கு வந்து தயக்கம் இருந்தது. காட்டேரியைத் தெய்வமாக வைத்துப் படையலிடும் ஊர்களைக் கொண்ட நமக்கு அந்தத் தயக்கம் அவ்வளவாக இருக்க வேண்டியதில்லை என்பது வேறு செய்தி. 1996இல் 'அர்பன் புஷ் விமன்' நடனக் குழு இந்நாவலை 'போன்ஸ் அண்ட் ஆஷ்' என்ற பெயரில் அமெரிக்க நகரங்கள் பலவற்றின் மேடைகளில் நிகழ்த்தியது. அதற்கான எழுத்தும் கோமெஸுடையதே.

1993இல் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடியேறிய பின் 'டோன்ட் எக்ஸ்பிளெய்ன்' என்ற சிறுகதைத் தொகுப்பையும், எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினையும் பாடகி ஆல்பர்ட்டா ஹண்டரையும் மையமாகக் கொண்ட நாடகங்களையும் எழுதினார். அந்நகரின் பொது நூலக ஆணையத்துக்குத் தலைவராகவும் இருந்தார். இதைக் குறிப்பிடும்போது என் பழைய தொழிலின் பெருமிதம் எட்டிப்பார்க்கிறது, பொறுத்தருள்க. திருமண உரிமை கோரிக் கலிஃபோர்னியாவில் நடந்த வழக்கில் அவரும் அவருடைய துணைவியும் வழக்காடிகளாக இருந்தனர். 2008 மே மாதத்தில் அம்மாநில உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை ஏற்றது; அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று இருவரும் மணந்துகொண்டனர். நவம்பர் 4 அன்று நடந்த வாக்கெடுப்பு அத்தகைய திருமணங்களைத் தடை செய்தது. சில நாள் தாமதித்திருந்தால் அந்த மணம் அப்போது நடந்திருக்காது. இடைப்பட்ட மாதங்களில் நடந்த திருமணங்கள் செல்லும் என்று 2009இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இனி, 'பழக்கம்' என்ற சொல்லுக்கு வருகிறேன். புகைப்பதும் பொடி போடுவதும் பழக்கம்; ஒருவர் யாரை விரும்புகிறார் என்பது பழக்கம் அன்று. சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றின் தொடர்ச்சியாக, இம்மக்களைக் கண்ணியமாகக் குறிப்பிடுவதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022இல் அரசிதழில் வெளியிட்டது. ஊடகங்களையும் கருதித்தான் அது உருவாக்கப்பட்டது. தங்கள் துணையாசிரியர்களின் மேசையில் அதன் படி ஒன்று இருப்பது நலம்.

பதிப்பாண்டு 1991 என்பதையும், அந்தச் சொல்லையும் திருத்தி அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே சிறு குறிப்பொன்று வெளியிட வேண்டுகிறேன். உரிய அனுமதி பெற்று அந்த 1955ஆம் ஆண்டுப் பகுதியை யாரேனும் தமிழில் பெயர்க்க முன்வந்தால், என்னிடமுள்ள 2016ஆம் ஆண்டுப் பதிப்பைக் கொடுத்துதவ அணியமாக இருக்கிறேன். ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள் இருக்கும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர்,
திருநெல்வேலி.