கேட்டது ஒன்று, வந்தது ஒன்று

திருநகர்,
மதுரை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லாரும் நலம்.

சின்னவளுக்காகப் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டினேன். 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க். தபாலில் இலவசமாக சிடி வரவழைத்து ஹாஸ்டலில் போட்டோமே, அதே உபுண்டு லினக்ஸ் இயங்குதளத்தின் புதுப் பதிப்பைத்தான் ஏற்றினேன். டெர்மினலில் வழக்கம்போல மென்பொருள் இறக்கும் 'ஆப்ட் இன்ஸ்டால்' கட்டளையை அடித்து ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைக் கேட்டேன். வந்த டெப், அதாவது ஆப்ட் தரும் மென்பொருள் பொட்டலம், வெறும் கூடு மாப்ளே. அது, உபுண்டுக்காரர்களின் இன்னொரு பேக்கேஜ் முறையான ஸ்னாப்பைக் கூப்பிட்டு, ஃபயர்ஃபாக்ஸையும் அதன் பரிவாரத்தையும் இறக்கிவிட்டது. டிஸ்க் இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' அடித்தால், ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் ஒன்றாக லூப், லூப் என்று வரிசையாக ஓடுகிறது. உலாவி முதல் தடவை திறக்கிறவரை பிள்ளை திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்னாப்பைக் குறை சொல்ல வரவில்லை. ஒரே பேக்கேஜ் எல்லாப் பதிப்பிலும் ஓடும், மற்றக் கோப்புகளைத் தொடவிடாமல் அடைத்தும் வைக்கும். வேண்டியவர்கள் போட்டுக்கொள்ளட்டும். ஆனால் ஆப்ட்டிடம் கேட்டால் ஆப்ட் தர வேண்டும். மாட்டுத்தாவணியில் மல்லி கேட்டவனுக்குப் பிச்சியைக் கட்டி, மல்லி என்று சொல்லிக் கொடுத்தால் சும்மா விடுவோமா? ஸ்னாப் தானாகவே ஒரு நாளைக்கு நாலு தடவை அப்டேட் தேடுகிறது. ஸ்னாப்புகள் வரும் ஸ்டோரின் சர்வர் நிரலும் திறந்த மூலம் இல்லை, யாரும் உள்ளே பார்க்க முடியாது. என் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்று நானே முடிவு செய்யலாம் என்றுதானே லினக்ஸுக்கு வந்தோம்!

2020-ல் உபுண்டுவிலிருந்து பிறந்த லினக்ஸ் மின்ட் 20 வந்தபோது, ஸ்னாப்பை இயக்கும் ஸ்னாப்டி ஆப்ட் வழியாக நுழையாதபடி அவர்கள் கதவைச் சாத்தினார்கள். கொஞ்சம் அதிகப்படி என்று அப்போது உன்னிடம் சொன்னேன். நீ சொன்னதுதான் சரி.

ராத்திரியே ஸ்னாப்டியைப் பர்ஜ் செய்து அடியோடு நீக்கினேன். திரும்ப வராதபடி ஆப்ட்டின் பிரிஃபரன்சஸில் கோப்பு எழுதி, ஸ்னாப்டியின் முன்னுரிமை எண்ணை ('பின்-பிரையாரிட்டி') மைனஸ் 10 ஆக்கினேன். ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மொசில்லா, 2024 ஜனவரியிலிருந்து நிலையான ஃபயர்ஃபாக்ஸுக்கும் சொந்த ஆப்ட் களஞ்சியத்தில் டெப் தருகிறது. அங்கிருந்துதான் இறக்கினேன். நீ யாருக்காவது செய்து கொடுத்தால், அந்தக் களஞ்சியத்துக்கு முன்னுரிமை 1000 போட மறக்காதே. உபுண்டுக்காரர்கள் அந்த வெறும் கூட்டின் பதிப்பு எண்ணைப் பெரிதாக வைத்திருக்கிறார்கள், இல்லாவிட்டால் அதுவே மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இப்போது சின்னவள் நிம்மதியாகப் படிக்கிறாள். எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அடுத்த வாரம் உபுண்டுவின் தாயான டெபியன் லினக்ஸைப் போடலாம் என்றிருக்கிறேன். டெபியன் 12-லிருந்து, வைஃபை வேலை செய்யத் தேவையான ஃபர்ம்வேர் இன்ஸ்டாலரிலேயே இருக்கிறதாமே, உன் மெஷினில் தொல்லை எதுவும் இல்லையே? அழகர் ஆற்றில் இறங்கும்போது வருவாய் அல்லவா, அப்போது லேப்டாப்பையும் எடுத்து வா. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்