கொளுஞ்சி விதையும் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பயிரை வளர்த்துப் பச்சையாகவே மடக்கி உழும் பசுந்தாள் உரம் பற்றிச் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதற்குத் தக்கைப்பூண்டு என்ற செடியை விதைக்கச் சொல்லியிருந்தார்கள். வாய்க்கால் பாசனம் உள்ளவர்களுக்கு அது சரி. மேலூர், வாடிப்பட்டி பக்கம் பெரியாறு தண்ணீர் பாயும் வயல்களில் அது ஆள் உயரம் வளர்வதை நானே பார்த்திருக்கிறேன். தண்ணீர் தேங்கினாலும் தாங்கும், உவர் நிலத்திலும் வரும். ஆனால் உசிலம்பட்டி பக்கம் எங்களுக்கு இருப்பது மழையை மட்டும் நம்பிய இரண்டு ஏக்கர் செம்மண் மானாவாரி. இப்படிப்பட்ட நிலத்துக்குக் கொளுஞ்சிதான் ஏற்ற உரச்செடி.

போன வருடம் சித்திரையில் ஒரு கோடை மழை பெய்ததும், ஏக்கருக்கு 20 கிலோ கணக்கில் தக்கைப்பூண்டு வாங்கி விதைத்தோம். நன்றாகத்தான் முளைத்தது. அப்புறம் மழையே இல்லை. முழங்கால் உயரம்கூட வராமல் மஞ்சளடித்துக் காய்ந்துபோனது. மடக்கி உழ ஒன்றும் மிஞ்சவில்லை.

அதே வெயிலில் வரப்பில் நின்ற கொளுஞ்சி பச்சை மாறாமல், கத்தரிப்பூ நிறத்தில் பூத்து நின்றது. பிடுங்கப் பார்த்தேன், ஆணிவேர் அசையவில்லை. மண்வெட்டியால் தோண்டித்தான் எடுக்க முடிந்தது. வேரில் கடுகு கடுகாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) பிடித்துக் கொடுக்கும் நுண்ணுயிர் அங்கே உயிரோடு வேலை செய்கிறது என்பதற்கு அந்தச் சிவப்புதான் அடையாளம்.

என் மாமியார் இளவயதில் கண்மாய்க் கரையில் கொளுஞ்சி அறுத்துத் தலைச்சுமையாகக் கொண்டுபோய், நடவுக்கு முன் அந்தக் குழையை வயல் சேற்றில் உரமாக மிதித்திருக்கிறார். ஆடு மாடு இதில் விரும்பி வாய் வைக்காது, அது பெரிய உபகாரம். இன்னொரு உரச்செடியான சணப்பு போட்டால் ஆடு மாடு மேயாமல் காவல் இருக்க வேண்டும். இப்போது கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று இயந்திரம் வைத்து எல்லாவற்றையும் வழித்துவிடுகிறார்கள். பார்க்க வயிறு எரிகிறது.

கொளுஞ்சி விதைக்கு அலைந்தேன். வேளாண்மைத் துறை விதைக் கிடங்கிலும் இல்லை, கடையிலும் இல்லை. "களைச்செடிக்கு யாரும்மா விதை விற்பாங்க?" என்று கேட்டார் கடைக்காரர். வேறு வழியில்லாமல் தை, மாசியில் நானும் மாமியாருமே வரப்பு வரப்பாகப் பறித்தோம். காய் பழுப்பேறியதும் விடிகாலைப் பனி ஈரத்தோடு பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் பட்டென்று வெடித்து, தோல் முறுக்கிக்கொண்டு விதை தெறித்துவிடும். பறித்ததைப் பழைய சேலையில் பரப்பி, மேலே இன்னொரு சேலையால் மூடிக் காயவைத்தோம். அரை ஏக்கருக்கு நாலு கிலோ தேற ஒரு மாதம் ஆனது. விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் பாதிகூட முளைக்காது. மாமியார் சொன்னபடி ஆற்றுமணல் கலந்து உரலில் போட்டு லேசாகத் தேய்த்து, ஆடியில் விதைத்தோம். முதல் மாதம் மெதுவாகத்தான் வந்தது. இப்போது தரை தெரியாமல் மூடியிருக்கிறது. காய் முற்றவிட்டு உழுதால் உதிரும் விதை அடுத்த மழைக்குத் தானே முளைக்கும்.

மானிய விதைப் பட்டியலில் மானாவாரி நிலத்துக்கென்று கொளுஞ்சியையும், அதுபோல வறட்சி தாங்கும் நரிப்பயற்றையும் சேர்க்க வேளாண்மைத் துறையை வேண்டுகிறேன். அரசு விதைப் பண்ணைகளில் ஒரு மூலையில் வளர்த்தாலே போதும். இல்லாவிட்டால் கிலோவுக்கு ஒரு விலை வைத்து எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். வரும் தையில் காய் முற்றிவிடும். அதற்குள் அறிவிப்பு வந்தால் எங்கள் ஊரில் மட்டும் பத்துப் பெண்கள் பறிக்கத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு மானாவாரி விவசாயி,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.