தாய்ச்சியும் கால்முட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில், மெதுவான அசைவுகளால் ஆன சீனத் தற்காப்புக் கலையான தாய்ச்சி பற்றி வந்த கட்டுரை களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து காலைநடைக் கூட்டங்களில் கைமாறிக்கொண்டிருக்கிறது. அறுபது தாண்டியவர்கள் அதைப் பார்த்தே பழகத் தொடங்கிவிட்டார்கள். அதனால் சில திருத்தங்களை உடனே சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் வரலாறு. தாய்ச்சியைக் காஞ்சியிலிருந்து போதிதருமர் கொண்டுபோனார், அது நம் பக்கத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையின் சீன வடிவம் என்று கட்டுரை சொல்கிறது. போதிதருமரின் பெயர் சேர்வது ஷாவோலின் மடத்தோடு. அங்கும் அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் யீஜின்ஜிங் ஏடு 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். தாய்ச்சிக்குச் சீன மரபு சொல்லும் புராண குரு வுடாங் மலையின் ஜாங் சான்ஃபெங். ஆவணங்களின் வழியே போனால் ஹெனான் மாகாணத்தில் சென் குடும்பத்தாரின் ஊருக்கு, 17-ஆம் நூற்றாண்டின் சென் வாங்திங்கிடம் வந்து சேர்கிறோம். அந்தக் குடும்பத்து சென் சாங்சிங்கிடம் கற்ற யாங் லூசான் (1799–1872) கலையை பெய்ஜிங்குக்குக் கொண்டு சென்றார். அவருடைய பேரன் யாங் செங்ஃபு (1883–1936) வழியாகத்தான் இன்று நாம் காணும் மெதுவான, விரிந்த அசைவுகள் பரவின. பூங்காக்களில் ஆடப்படும் 24 அசைவு வரிசை 1956-இல் சீன அரசின் விளையாட்டு ஆணையம் தொகுத்தது. நம் ஆசான்மாரின் அடிமுறைக்கும் வர்மத்துக்கும் சொந்தப் பெருமை போதுமான அளவு இருக்கிறது.

‘சி’ என்றால் பிராணன் என்று எழுதியதும் பிழை. மூச்சாற்றலைக் குறிக்கும் சீனச் சொல் வேறு, தாய்ச்சியில் உள்ள சொல் வேறு. இங்கே வருவது ‘ஜி’. எல்லை, உச்சம் என்று பொருள். அதன் பழைய பொருள் வீட்டின் மோட்டுவளை. ஓட்டுக்கூரையின் இரண்டு சரிவும் மோட்டுவளையில் கூடிப் பிரிவதுபோல, எதிரெதிர் ஆற்றல்களான யின்னும் யாங்கும் பிரியும் இடம் அது. யின், யாங் என்பவையும் முதலில் மலையின் நிழல்பக்கமும் வெயில்பக்கமும்தான். பயிற்சியில் இது மிக நேரடியான விஷயம்: ஒரு கால் பாரம் நிறைந்தது, மற்றது காலி. இரண்டிலும் சரிபாதி பாரத்தை வைத்து நின்றுவிடுவதை இந்தக் கலையில் குற்றமாகவே சொல்வார்கள்.

இனி எங்களுக்கு உண்மையில் கவலை தரும் இடம். ‘முன்காலை முடிந்தவரை மடக்கித் தாழ்ந்து நில்லுங்கள்’ என்று கட்டுரை சொல்கிறது. களரியில் வளர்ந்த உடம்பு தாழும். ஓய்வுபெற்றவரின் முட்டு தாங்காது. யாங் குடும்பத்து வழியில், முன்கால் மடங்கிப் பின்கால் நீண்டிருக்கும் வில் நிலையில் பத்தில் ஏழு பங்கு பாரம் முன்காலில் இருக்கும். முட்டு கால்விரல் நுனியைத் தாண்டக் கூடாது, இரண்டாம் விரலின் திசையையே பார்க்க வேண்டும், உள்ளே சாயக் கூடாது. இரு பாதங்களும் ஒரே கோட்டில் கயிற்றின் மேல் நடப்பதுபோல் இருந்தால் உடம்பு ஆடும், ஆட்டத்தைச் சமாளிக்க முட்டு திருகும். குறுக்குவாட்டில் ஒரு சாண் இடைவெளி விட்டால் ஆட்டம் நிற்கும்.

திரும்பும்போதுதான் அதிகக் கேடு நடக்கிறது. பாரம் ஏறிய பாதம் தரையில் ஒட்டியிருக்க, இடுப்பு மட்டும் திரும்பினால் நடுவில் இருக்கும் முட்டுதான் முறுக்கை வாங்கும். மடங்கி நீளத்தான் அந்த மூட்டு ஏற்றது. பாரத்தோடு திருகினால் உள்ளிருக்கும் குருத்தெலும்பு கிழியலாம். எனவே முதலில் பாரத்தைப் பின்காலுக்கு வாங்க வேண்டும். முன்பாதத்தின் விரல்பக்கத்தை உயர்த்தி, இடுப்போடு சேர்த்துக் குதிகாலில் திருப்பி, பாதத்தைப் பதித்த பிறகு பாரத்தை அதில் ஏற்ற வேண்டும். அதற்கப்புறமே பின்கால் கிளம்பும். பாரம் வைத்த பாதத்தையே திருப்பும் பாணிகளும் உண்டு. தொடங்குபவர்களுக்கு அது வேண்டாம். எட்டு வைப்பதிலும் குதிகால் பாரமில்லாமல் தரை தொட வேண்டும். வைத்த காலை அப்படியே திரும்ப எடுக்க முடிந்தால் எட்டு சரி. முடியாவிட்டால் காலின்மேல் விழுந்திருக்கிறீர்கள்.

24 அசைவையும் ஆடி முடிக்க ஐந்தாறு நிமிடம் ஆகும். மூன்று நிமிடத்தில் முடிகிறது என்றால் பாரமாற்றம் எங்கோ விட்டுப்போயிருக்கிறது. ஏழு நாளில் கற்கலாம் என்பதும் நடக்காது. வாரம் இரண்டு அசைவு வீதம் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சை வயிற்றில் அடக்கச் சொல்லியிருப்பதை, குறிப்பாக ரத்த அழுத்தம் உள்ளவர்கள், பின்பற்றவே வேண்டாம். மூக்கால் இயல்பாக விட்டாலே போதும். தளர்வு என்பதைத் துவண்டு போவதாகவும் எடுக்கக் கூடாது: தோள் இறங்கியிருக்கும், ஆனால் அக்குளில் ஒரு கோழிமுட்டை உடையாமல் இருக்க இடம் இருக்கும்.

சர்க்கரை குணமாகும் என்ற வாக்குறுதிக்கு ஆதாரம் இல்லை. நல்ல ஆதாரம் இருப்பது உடல் சமநிலை விஷயத்தில். பார்க்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், வாரம் இருமுறை 24 வாரம் தாய்ச்சி பழகியவர்களின் சமநிலை மேம்பட்டது. தசைநீட்சிப் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே விழுந்தார்கள்.

இடவப்பாதி மழைக்காலத்தில் பாசி பிடித்த சிமென்ட் முற்றம், நனைந்த டைல்ஸ், ரப்பர் செருப்பு மூன்றும் ஆகாது. தடித்த அடியுள்ள ஓட்டக் காலணியும் திரும்பும்போது தரையைக் கவ்வும். காய்ந்த திண்ணையில், மெல்லிய அடியுள்ள காலணியோடு, கைக்கெட்டும் தூரத்தில் சுவரோ நாற்காலியோ இருக்கப் பழகட்டும்.

கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பவரின் முன்முட்டு உள்ளே சாய்ந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பலரும் நிற்கிறார்கள். அடுத்த இணைப்பில் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் எடுத்த சரியான படங்களை வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தாய்ச்சி பயிற்றுநர்கள் சிலர்,
குழித்துறை.